நாட்டுக்கு நாடு ஓட்டும் விதம் மாறுவது ஏன்? மனசா, சாலையா, அபராதமா?

#1 அச்சாணி

"வெளிநாட்டில் ஒழுங்காக ஓட்டுகிறான், ஊருக்கு வந்து இறங்கியதும் பழைய குணம் வந்துவிடுகிறது" என்று சொல்லாத ஆள் இல்லை. இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமான சாட்சியாகப் படுகிறது. அதே கை, அதே கண், அதே மனிதர். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக ஓட்டுகிறார் என்றால், குணத்தை விட்டுவிட்டு அவரைச் சுற்றி என்ன மாறியது என்று பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம். மேற்கு ஜெர்மனியில் 1976 ஜனவரி 1 முதல் கார் முன் இருக்கையில் பெல்ட் கட்டாயம். ஆனால் கட்டாதவருக்கு அபராதம் கிடையாது. தொலைக்காட்சியில் சொன்னார்கள், பள்ளிகளில் சொன்னார்கள், மருத்துவர்கள் சொன்னார்கள். கட்டுபவர்கள் சுமார் 60 சதவீதத்திலேயே நின்றார்கள். 1984 ஆகஸ்ட் 1-ல் 40 மார்க் (அப்போதைய ஜெர்மன் பணம்) அபராதம் வந்தது. எண்ணிக்கை மளமளவென்று 90 சதவீதத்தைத் தாண்டியது. "ஒழுக்கத்துக்குப் பேர்போனவர்கள்" என்று நாம் சொல்லும் அதே ஜெர்மானியர்கள்தான்.

சாலை அமைப்பு, அடையாளங்கள், மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம், உரிமம் தரும் முறை. இவற்றில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக வேண்டாம்.

#2 பிரேக்வயர்

அச்சாணி சார், பாதி ஒத்துக்கறேன். மனப்பான்மைன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு சொல்லிட முடியாது.

நியூயார்க்ல ஐ.நா. தூதரக அதிகாரிகளோட பார்க்கிங் அபராதச் சீட்டுகளை வச்சு ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகேல்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ச்சி பண்ணாங்க. தூதருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அபராதம் கட்டலைன்னாலும் யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாருக்கும் ஒரே நகரம், ஒரே தெரு, ஒரே சலுகை. ஆனா குவைத், எகிப்து அதிகாரிகள் பட்டியல்ல மேல இருந்தாங்க. ஸ்வீடன், நார்வே, ஜப்பான் அதிகாரிகள் பேர்ல கட்டாத சீட்டே இல்லை. கேட்க ஆளில்லாத இடத்துலயும் ஒழுங்கா நிறுத்தினாங்கன்னா அது உள்ளேருந்து வர்றதுதானே?

#3 அச்சாணி

நல்ல உதாரணம்தான் பிரேக்வயர், ஆனால் அந்த ஆராய்ச்சியின் இரண்டாம் பாதியையும் சொல்லுங்கள். 2002-ல், சீட்டு சேர்ந்து கட்டாமல் இருக்கும் தூதரக வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பறிக்கும் அதிகாரம் நகருக்குக் கிடைத்தது. கட்டாத சீட்டுகள் ஏறத்தாழ 98 சதவீதம் குறைந்தன. நாட்டுப் பழக்கம் என்று ஒன்று உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிளேட் போகும் என்று தெரிந்ததும் அந்தப் பழக்கம் எவ்வளவு வேகமாகக் கரைந்தது பாருங்கள்.

அமீரகத்தில் இதை ஒரே பயணத்தில் பார்க்கலாம். துபாயில் பலகையில் உள்ள எண்ணுக்கு மேல் 20 கி.மீ. வரை கேமரா விட்டுவிடும். 120 என்று போட்டிருந்தால் 141-ல்தான் பிடிக்கும். அபுதாபி இந்தச் சலுகையை 2018 ஆகஸ்டில் எடுத்துவிட்டு, பலகை எண்களையே திருத்தி எழுதியது. அங்கே 140 என்றால் 140. இரண்டையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் எல்லையைத் தாண்டியதும் அதே ஓட்டுநர் கணக்கை மாற்றிக்கொள்கிறார். மாற்றத் தெரியாதவருக்குச் சீட்டு வருகிறது.

அபராதம் எவ்வளவு பெரியது என்பதைவிட, மாட்டுவது எவ்வளவு நிச்சயம் என்பதுதான் பேசுகிறது. இந்தியாவில் 2019 செப்டம்பர் 1 முதல் குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம். தொகை சின்னது இல்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் மாநில நெடுஞ்சாலையில் ஊதச் சொல்ல யாராவது நிற்பார்கள் என்று எத்தனை பேர் எதிர்பார்க்கிறார்கள்?

#4 மஞ்சள்கோடு

அபராதத்தைப் பற்றி நீங்கள் பேசுங்கள். நான் விளக்கைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் நாடு மாறி ஓட்டுபவர்களை முதலில் ஏமாற்றுவது அதுதான்.

எதிரே வருபவர் ஹெட்லைட்டை இரண்டு முறை அடிக்கிறார். இந்தியாவில் அதற்கு "நான் நிற்க மாட்டேன், நீ நில்" என்று பொருள். பிரிட்டனில் சாலை விதிநூல்படி "நான் இங்கே இருக்கிறேன்" என்பதைத் தவிர வேறு எதற்கும் அடிக்கக் கூடாது. ஆனால் நடைமுறையில் அங்கே பெரும்பாலும் "நீங்க போங்க" என்று வழிவிடுவதற்குத்தான் அடிக்கிறார்கள். ஜப்பானிலும் வழிவிட அடிப்பது உண்டு. ஆக, அங்கே பழகியவர் இங்கே வந்தால் வழி கிடைத்துவிட்டது என்று குறுக்கே திரும்புவார். இங்கே பழகியவர் அங்கே போனால் வழி கிடைத்தும் நிற்பார். பின்னவருக்கு நேர விரயம், முன்னவருக்கு உயிர். ஜெர்மனியில் ஊருக்கு வெளியே ஓவர்டேக் செய்யப்போவதைக் காட்டச் சுருக்கமாக விளக்கடிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. அதையே முன்வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு விடாமல் அடித்தால் மிரட்டல் குற்றமாகிவிடும்.

எல்லா நாட்டுக்கும் பொருந்தும் பழக்கம் ஒன்றுதான்: விளக்கைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். வேகம் குறைகிறதா, முன்மூக்கு லேசாகக் குனிகிறதா என்பதுதான் அவர் நிற்கிறார் என்பதற்கு அத்தாட்சி.

அடுத்தது ஹசார்ட் விளக்கு. இந்தியாவில் சந்திப்பில் "நேராகப் போகிறேன்" என்று காட்ட நான்கு விளக்கையும் போடுகிறார்கள். இதைவிட ஆபத்தான பழக்கம் குறைவு. பக்கவாட்டில் நிற்பவருக்கு உங்கள் வண்டியின் ஒரு பக்க விளக்குதான் தெரியும். வலப்பக்கம் நிற்பவருக்கு அது வலது இண்டிகேட்டர், இடப்பக்கம் நிற்பவருக்கு இடது இண்டிகேட்டர். இருவருக்கும் நீங்கள் திரும்பப்போவதாகச் சொல்லிவிட்டு நேராகப் போகிறீர்கள். நேராகப் போக எந்த விளக்கும் தேவையில்லை. ஜப்பானில் வழிவிட்டதற்கு நன்றியாக அதே விளக்கை ஓரிரு முறை மினுக்குவார்கள். ஜெர்மனியில் நெடுஞ்சாலையில் நெரிசலின் வால்பகுதியை அடையும்போது பின்னால் வருபவரை எச்சரிக்கப் போடுவார்கள். இந்த ஜெர்மன் பழக்கம் எங்கும் உயிர் காக்கும்.

லாரியின் வலது இண்டிகேட்டர் தனிக்கதை. இந்திய நெடுஞ்சாலையில் சில பகுதியில் அது "எதிரே வண்டி, ஏறாதே". சில பகுதியில் "தாராளமா ஏறு". நிஜமாகவே வலப்பக்கம் திரும்பப்போகிறவரும் அதையேதான் போடுவார். மூன்று பொருள், ஒரு விளக்கு. அதை நம்பி ஏறுவதைப்போல முட்டாள்தனம் கிடையாது.

#5 நாலாம்கியர்

மஞ்சள்கோடு அண்ணன் ஓவர்டேக்கைத் தொட்டுவிட்டார். கணக்கைப் போட்டுக் காட்டிவிடுகிறேன், ஏனென்றால் இருவழிச் சாலையில் நேருக்கு நேர் மோதல் இந்தக் கணக்குத் தெரியாமல்தான் நடக்கிறது.

முன்னால் லாரி 60-ல் போகிறது, நீளம் 12 மீட்டர். நீங்கள் 80-ல் ஏறுகிறீர்கள். லாரிக்குப் பின்னால் 25 மீட்டரில் வெளியே வந்து, தாண்டியபின் 25 மீட்டர் விட்டு உள்ளே வர வேண்டும். உங்கள் காரின் நீளத்தையும் சேர்த்தால் லாரியைவிடக் கூடுதலாக 66 மீட்டர் கடக்க வேண்டும். வேக வித்தியாசம் 20 கி.மீ., அதாவது வினாடிக்கு 5.6 மீட்டர். ஆக 12 வினாடி. அந்த 12 வினாடியில் நீங்கள் ஏறக்குறைய 265 மீட்டர் போவீர்கள். எதிரே 80-ல் வருபவரும் 265 மீட்டர் வருவார். மொத்தம் 530 மீட்டர். இது மோதலின் விளிம்பு. பாதுகாப்புக்கு இன்னும் ஒரு 150 மீட்டராவது வேண்டும். அவ்வளவு தூரம் நேராகத் தெரியும் இருவழிச் சாலை எத்தனை இருக்கிறது?

ஸ்வீடன் இதற்கு "கவனமாக ஓட்டுங்கள்" என்று பலகை வைத்துவிட்டு நிற்கவில்லை. 1997-ல் அவர்கள் நாடாளுமன்றம் 'பூஜ்ய இலக்கு' கொள்கையை ஏற்றது. மனிதன் தப்புச் செய்வான், அந்தத் தப்புக்கு மரணம் தண்டனையாக இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். 1998-ல் யாவ்லே நகருக்கு வடக்கே ஈ4 நெடுஞ்சாலையில் 13 மீட்டர் அகலமான பழைய சாலையை எடுத்தார்கள். அகலப்படுத்தவில்லை. மூன்று லேனாகக் கோடு போட்டு, நடுவில் கம்பிவடத் தடுப்பு. ஒரு திசைக்கு இரண்டு லேன், எதிர்த்திசைக்கு ஒன்று, ஒன்றிரண்டு கி.மீ.க்கு ஒருமுறை மாறும். இன்னும் சற்று நேரத்தில் நமக்கு இரண்டு லேன் வரும் என்று தெரிவதால் லாரிக்குப் பின்னால் இருப்பவர் பொறுமையாக இருக்கிறார். தப்பு செய்தாலும் வடம் பிடித்துக்கொள்கிறது. இப்படி மாற்றிய சாலைகளில் இறப்பு நான்கில் மூன்று பங்கு அளவுக்குக் குறைந்தது.

அந்த ஊர் ஓட்டுநரின் மனசு ஒரே இரவில் மாறிவிட்டதா? எதிர்ப்பக்கம் போக வழியில்லாமல் செய்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

#6 இடதுபக்கம்

நாலாம்கியர் சொன்னதோடு இந்திய நான்குவழிச் சாலையையும் வைத்துப் பார்க்க வேண்டும். 'ராங் சைடு' ஓட்டுபவரைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் அவர் எங்கே ஓட்டுகிறார் என்று பாருங்கள். சாலையின் ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் வயல். நடுத்தடுப்பில் (மீடியன்) திறப்பு 2 கி.மீ. தள்ளி. சட்டப்படி போனால் போய்த் திரும்பி வர 4 கி.மீ., ராங் சைடில் 300 மீட்டர். சைக்கிளிலும் பழைய மொபெட்டிலும் போகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? சர்வீஸ் ரோடும் சுரங்கப்பாதையும் தொடர்ச்சியாக இருக்கும் பகுதியில் அதே ஊர்க்காரர் அதில்தான் போகிறார். சர்வீஸ் ரோடு பாலத்துக்கு முன்னால் அறுந்துபோகும் இடத்தில்தான் மறுபடி ராங் சைடு முளைக்கிறது. அந்த இடத்தைக் குறித்து இணைத்துத் தருவது பொறியாளர் வேலை.

இன்னொன்று வாகனக் கலவை. இந்தியாவில் 2022-ல் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 44.5 சதவீதம், நடந்து போனவர்கள் 19.5 சதவீதம். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு, உடம்பைச் சுற்றி இரும்புக்கூடு இல்லாதவர்கள். காரே பிரதானமான நாட்டின் லேன் ஒழுக்கப் பாடத்தை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் வேலைக்காகாது. 3.5 மீட்டர் லேனில் ஒரு கார் போனபின் மிச்சமுள்ள இடம் பைக்குக்குப் போதும், அதனால் பைக் அதில் நுழையும். மலேசியா இதை 1970-களிலேயே புரிந்துகொண்டு ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டது. அங்கேயும் சாலை இறப்பில் பெரும்பங்கு மோட்டார் சைக்கிள்தான், ஆனால் தனிப்பாதையில் போகிறவரை லாரி பின்னாலிருந்து இடிக்க முடியாது.

#7 புதுச்சக்கரம்

எல்லோருக்கும் வணக்கம். இடதுபக்கம் ஓட்டும் நாட்டில் பழகியவர், வலதுபக்கம் ஓட்டும் நாட்டில் முதன்முதலாக எடுக்கும்போது எதில் தவறுவார்? ஐரோப்பாவில் முன்னுரிமை விதியும் குழப்பமாக இருக்கிறது. விளக்க முடியுமா?

#8 நாலாம்கியர்

வாங்க புதுச்சக்கரம். நெரிசலில் யாரும் தவற மாட்டார்கள், முன்னால் போகிறவரைப் பின்பற்றினால் போதும். தவறுவது காலி சாலையில். பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, விடியற்காலையில் தெருவிலிருந்து கிளம்பும்போது, ஒருவழிச் சாலை முடிந்து இருவழி தொடங்கும் இடத்தில். கையாள ஒரு விதி: ஓட்டுநர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். ஸ்டியரிங் இடதில் இருந்தாலும் வலதில் இருந்தாலும், அந்தந்த நாட்டு வண்டியில் இது மாறாது. உங்கள் தோளுக்குப் பக்கத்தில் சாலை ஓரம் தெரிந்தால் தப்பான பக்கத்தில் இருக்கிறீர்கள்.

முதல் சில மணி நேரம் வண்டி லேனின் வலது ஓரத்துக்கு இழுக்கும், ஏனென்றால் உங்களுக்கு வலப்பக்கத்தில் வண்டி நீண்டிருக்கும் பழக்கம் இல்லை. வலது கண்ணாடியில் கோட்டை அடிக்கடி பாருங்கள்.

முன்னுரிமை: ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து மூன்றிலும் பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே வழி. நீங்கள் அகலமான தெருவில் இருந்தாலும், அவர் சந்திலிருந்து வந்தாலும் சரி. அவர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வருவார், ஏனென்றால் நீங்கள் நிற்பீர்கள் என்று அவருக்குத் தெரியும். வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் சாய்சதுரப் பலகை கண்டால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள். அதன் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால் அந்த உரிமை முடிந்தது. நெதர்லாந்தில் தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக இருக்கும். கூர்முனை உங்களை நோக்கி இருந்தால் வழிவிட வேண்டியது நீங்கள்.

சிவப்பில் வலது திரும்புவது அமெரிக்காவில் பெரும்பாலும் நின்று பார்த்துவிட்டுச் செய்யலாம். நியூயார்க் நகரில் பொதுவாகக் கூடாது. ஜெர்மனியில் சிக்னல் பக்கத்தில் பச்சை அம்புத் தகடு இருந்தால் மட்டும், அதுவும் முழுதாக நின்றபின்.

#9 மஞ்சள்கோடு

ஜெர்மனியின் வேக நெடுஞ்சாலையான ஆட்டோபானுக்கு ஒரு சேர்க்கை. வலப்பக்கம் தாண்டக் கூடாது, தாண்டி முடித்ததும் வலதுக்குத் திரும்பிவிட வேண்டும். இதை மரியாதைக்காகச் செய்வதில்லை. நீங்கள் 120-ல் இடது லேனுக்கு வருகிறீர்கள், பின்னால் ஒருவர் 200-ல் வருகிறார் என்று வையுங்கள். வித்தியாசம் வினாடிக்கு 22 மீட்டர். கண்ணாடியில் 200 மீட்டர் தள்ளிப் புள்ளியாகத் தெரிந்தவர் 9 வினாடியில் உங்கள் மேல் இருப்பார். இங்கெல்லாம் கண்ணாடியை ஒருமுறை பார்த்தால் போதாது. இரண்டு முறை, நடுவில் ஒரு வினாடி விட்டுப் பாருங்கள். புள்ளி பெரிதாகியிருந்தால் பொறுங்கள்.

அங்கே நெரிசலில் வண்டிகள் ஊர ஆரம்பித்ததுமே ஆம்புலன்ஸ் வழி விட வேண்டும், சைரன் கேட்டபிறகு இல்லை. இடதுகோடி லேனில் இருப்பவர் இடப்பக்கம் ஒதுங்குவார், மற்ற எல்லா லேனும் வலப்பக்கம். எத்தனை லேன் இருந்தாலும் இடைவெளி எப்போதும் இடதுகோடி லேனுக்கும் அதை அடுத்த லேனுக்கும் நடுவில்தான். எல்லோருக்கும் ஒரே இடம் தெரிந்திருப்பதால்தான் அது திறக்கிறது. வழிவிடும் மனசு எல்லா நாட்டிலும் உண்டு. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முன்கூட்டியே தீர்மானிக்காத நாட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி ஆம்புலன்ஸ் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

#10 பிரேக்வயர்

உரிமம் பத்தி யாரும் பேசலையே. ஜெர்மனியில கார் உரிமத்துக்கு வழக்கமான பயிற்சி போக, 45 நிமிஷ சிறப்புப் பாடம் பன்னிரண்டு கட்டாயம்: ஊருக்கு வெளியே அஞ்சு, ஆட்டோபான்ல நாலு, இருட்டுல மூணு. முதலுதவி வகுப்பும் உண்டு. பிரிட்டன்ல 2002-லேருந்து ஆபத்தை முன்கூட்டிக் கண்டுபிடிக்கிற தேர்வு இருக்கு. 14 காணொளிக் காட்சி, 75-க்கு 44 மதிப்பெண் எடுக்கணும். நிறுத்தியிருக்கிற வேனுக்கு அடியில ஒரு பந்து உருண்டு வந்தா நீங்க எப்ப கிளிக் பண்றீங்கங்கிறதுதான் கேள்வி. இந்தியாவுல பல இடத்துல எட்டுப் போட்டா பைக், 'எச்' போட்டா கார். வண்டியைக் கையாளத் தெரியுமான்னு பார்க்கறாங்க, அடுத்த நாலு வினாடியில என்ன நடக்கும்னு ஊகிக்கத் தெரியுமான்னு பார்க்கறதில்லை. இருட்டுல ஒரு தடவைகூட ஓட்டாம உரிமம் வாங்கலாம்.

குடி விஷயத்துல சார் பக்கமே சாயறேன். ரத்தத்துல 100 மி.லி.க்கு 30 மி.கி. இந்திய வரம்பு. இங்கிலாந்துல 80. எழுத்துல நாமதான் கண்டிப்பு! நியூ சவுத் வேல்ஸ் 1982 டிசம்பர்ல வழியில போற யாரை வேணும்னாலும் நிறுத்தி ஊதச் சொல்ற சோதனையைத் தொடங்கினதும் இறப்பு மளமளன்னு குறைஞ்சுது. ஜப்பான் 2007-ல ஒரு படி மேல போயி, ஓட்டப்போறவனுக்குக் குடிக்கக் கொடுத்தவன், தெரிஞ்சே கூட உட்கார்ந்து போனவன், வண்டி கொடுத்தவன் எல்லாருக்கும் தண்டனைன்னு ஆக்கிட்டாங்க. நண்பனே சாவியைப் பிடுங்கிக்கறான். மனப்பான்மை மாறுதுன்னு நான் சொல்றது இதைத்தான் சார். சட்டம் தொடங்கி வைக்குது, அப்புறம் அது பழக்கமாகிடுது.

#11 அச்சாணி

அப்படிச் சொன்னால் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. வியட்நாமில் அதுதான் நடந்தது. 2007 டிசம்பர் 15-ல் எல்லாச் சாலையிலும் எல்லா மோட்டார் சைக்கிள்காரருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று அறிவித்தார்கள். பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து. அதற்கு முன்பு சில சாலைக்கு மட்டும் என்று இருந்தபோது, "இந்தத் தெருவுக்குத் தேவையா?" என்று யோசித்துப் பலர் போடவில்லை. விதிவிலக்கு நீங்கியதும் நகரங்களில் 90 சதவீதத்துக்கு மேல் போனது. அடுத்த சிக்கலும் உடனே வந்தது: தொப்பி மாதிரியான மட்டரக ஹெல்மெட்டுகள், வார் மாட்டாமல் தலையில் வைத்துக்கொள்வது. வார் மாட்டாத ஹெல்மெட் முதல் அடியிலேயே பறந்துவிடும், இரண்டாவது அடி வெறும் தலையில். தாடைக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இறுக்கம் வேண்டும். பின்னாலிருந்து மேல்நோக்கித் தள்ளினால் கழலக் கூடாது. ஒருமுறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கியிருக்கும். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டும்.

#12 புதுச்சக்கரம்

மிக்க நன்றி. ஒன்று மட்டும் கேட்டுவிடுகிறேன். ஜீப்ரா கிராசிங்கில் நிற்பது சட்டம் என்கிறார்கள். நிற்கும் பழக்கமே இல்லாத ஊரில் நாம் மட்டும் நின்றால் பின்னால் வருபவர் இடித்துவிட மாட்டாரா?

#13 இடதுபக்கம்

இடிப்பார், நீங்கள் திடீரென்று நின்றால். 60 கி.மீ.யில் ஒன்றரை வினாடி யோசிக்கும் நேரத்திலேயே 25 மீட்டர் போய்விடும், பிரேக் பிடித்தபின் உலர்ந்த சாலையில் இன்னும் 20 மீட்டர். பின்னால் வருபவர் 10 மீட்டரில் ஒட்டிக்கொண்டு வந்தால் அவரால் முடியாது. அதனால் அவருக்கும் சேர்த்து நீங்கள்தான் பிரேக் பிடிக்க வேண்டும். கிராசிங்குக்கு 70, 80 மீட்டர் முன்பே ஆக்சிலேட்டரை விடுங்கள். பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாகத் தொட்டு விளக்கு மினுங்கச் செய்யுங்கள். கண்ணாடியில் பின்வண்டியின் மூக்கு குனிகிறதா பாருங்கள். குனிந்தால் நில்லுங்கள். கோட்டை ஒட்டி நிற்காமல் நான்கைந்து மீட்டர் முன்பே நில்லுங்கள். பக்கத்து லேனில் வருபவருக்கு நடப்பவர் தெரிய வேண்டும். பல லேன் சாலையில் ஒருவர் நின்று, அவர் மறைப்பிலிருந்து வெளியே வரும் ஆளை அடுத்த லேன்காரர் அடிப்பதுதான் பயங்கரம். அதனால் 'போங்க' என்று கைகாட்டாதீர்கள். நில்லுங்கள், போவதா வேண்டாமா என்பதை நடப்பவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

பிரிட்டனில் 2022 ஜனவரி 29 முதல் விதிநூல் மாறியிருக்கிறது: நீங்கள் ஒரு தெருவுக்குள் திரும்பும்போது, அதைக் கடக்கக் காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும், கால் வைத்தவருக்கு மட்டுமில்லை. அமெரிக்கா போனால் மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மினுக்கி 'ஸ்டாப்' கையை நீட்டினால், நடுவில் தடுப்பில்லாத சாலையில் எதிர்த்திசைக்காரரும் நிற்க வேண்டும். தடுப்புள்ள சாலையில் எதிர்ப்பக்கம் நிற்கத் தேவையில்லை என்பது பெரும்பாலான மாநிலங்களின் விதி. போகும் மாநிலத்தின் கையேட்டில் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.